பர்மா கோல்கீப்பர்

எங்கள் அப்பா இரண்டு நாடுகளில் அந்நியராக உட்கார்ந்து கால்பந்து பார்த்தவர். ஒன்று பர்மா. இன்னொன்று, அவருடைய சொந்த நாடு. இரண்டு இடத்திலும் அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பொம்பளைப் பிள்ளையை எதற்கு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று இரண்டு ஊரிலும் கேட்டார்கள். அப்பா இரண்டு ஊரிலும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

சின்ன வயதில் கப்பலேறிப் போனவர் அப்பா. ரங்கூனில் ஒரு மர மில்லில் மேஸ்திரியாக இருந்தார். அண்ணனும் நானும் அங்கேதான் பிறந்தோம். எத்தனை வருஷம் இருந்தாலும் அப்பா அங்கே அந்நியர்தான். அதற்கென்று சர்க்கார் கொடுத்த அட்டை ஒன்று உண்டு. வெளியே போகும்போது சட்டைப் பையில் அது இல்லாமல் போக முடியாது.

இந்திய அணி ரங்கூனுக்கு ஆட வந்தால் அப்பாவுக்கு அன்று திருவிழா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் அந்த அட்டை. தெருவில் உள்ள தமிழர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போவார். ஆயிரக்கணக்கான பர்மாக்காரர்களுக்கு நடுவில் நாங்கள் ஒரு சின்ன வெள்ளைத் திட்டாக உட்கார்ந்து கத்துவோம். இந்தியர்களை அங்கே 'கலா' என்பார்கள். அதைச் செல்லமாகவும் சொல்லலாம், விரட்டவும் சொல்லலாம். இந்தியா கோல் போட்டால் எங்களைச் சுற்றி அந்தச் சொல் இரண்டாவது விதமாகத்தான் கேட்கும். அப்பா இன்னும் சத்தமாகக் கத்துவார்.

அண்ணன் எங்களோடு உட்கார மாட்டான். மைதானத்தின் எதிர்ப்பக்கம், அவனுடைய பர்மியச் சிநேகிதர்களோடு இருப்பான். அவன் ரங்கூனில் ஒரு கிளப்புக்கு கோல்கீப்பர். கிளப்பில் அவனுக்கு ஒரு பர்மியப் பெயர் உண்டு. அங்கே நிறைய தமிழர்கள் அப்படி இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். அண்ணன் பர்மாவுக்காகக் கை தட்டுவது எங்கள் இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அன்று ராத்திரி வீட்டில் சோற்றுக்கு முன்னால் சண்டை நடக்கும். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புச் சட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பிறகு ஆட்சி மாறியது. கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, மில்லையும் எடுத்துக்கொண்டது. அறுபதுகளின் நடுவில் எங்களைப் போன்றவர்களைக் கப்பல் கப்பலாக மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அண்ணன் வர மறுத்துவிட்டான். அவன் அங்கேயே பிறந்தவன், பிரஜையாகிவிடலாம், நாட்டு அணிக்கே ஆடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கப்பல் துறையில் அப்பா எல்லார் முன்னாலும், "உன்னை இன்னியோட தலைமுழுகிட்டேன்" என்று சொன்னார். அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கப்பல் நகர்ந்தபோது அப்பா அவன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

முகாமில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, மாதா கோயிலில் தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பம்மலில் ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மர வாசனையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனிதர் தோல் நாற்றத்தோடு வர ஆரம்பித்தார். தெருவில் எங்கள் வீட்டுக்குப் 'பர்மாக்காரர் வூடு' என்று பெயர். ரங்கூனில் கலா, பம்மலில் பர்மாக்காரர். சொந்த ஊர் என்பது எங்களுக்கு எப்போதும் அடுத்த ஊராகத்தான் இருந்தது என்று நான் சொன்னால் அம்மா, "வாய் நீளம்" என்பாள்.

அண்ணனிடமிருந்து முதலில் எப்போதாவது சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அங்கிருந்து எவருக்குமே ஒழுங்காக ஒன்றும் வருவதில்லை, அதனால் வராததற்கு இன்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைமுழுகிவிட்டேன் என்று சொன்ன அப்பா, அண்ணனைத் தினம் மூன்று வேளையும் திட்டுவார். தலைமுழுகிய ஆளைத் திட்டுவானேன்? குழாயில் தண்ணீர் வராவிட்டால் அண்ணனுக்குத் திட்டு. கூரை ஒழுகினால் அண்ணனுக்குத் திட்டு. "அந்தக் கழுதை இருந்தா இந்நேரம் ஓடு மாத்தியிருக்காது? பந்து பின்னாடி ஓடிட்டான் தறுதலை." மாட்டுக்கறிக் குழம்பு வைத்தால், "நல்லவேளை, அவன் இல்ல. சட்டியோட தின்னுருப்பான் சாப்பாட்டுராமன்" என்பார். அம்மா அதற்கெல்லாம் வாயே திறக்க மாட்டாள். சில நாள் அப்பா திட்ட மறந்து சாப்பிட்டால், "அவனுக்கு இந்த மீன் பிடிக்கும்" என்று எடுத்துக் கொடுப்பாள். உடனே ஆரம்பித்துவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்பா டீக்கடையிலிருந்து வேகமாக வந்தார். பர்மா அணி மெட்ராசுக்கு ஆட வருகிறதாம். பேப்பரில் போட்டிருக்கிறார்களாம்.

அம்மா அடுப்பை விட்டு எழுந்தாள். "அவன் வருவான்" என்றாள்.

"எவன்?"

"உங்க மவன்தான்."

"அந்தக் கழுதைய எவன் நாட்டு டீம்ல சேப்பான்? பந்து பொறுக்கிப் போடக்கூடச் சேக்க மாட்டான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு மறுநாளே போய் மூன்று டிக்கெட் வாங்கி வந்தார். ஆட்டக்காரர்களின் பெயர்கள் பேப்பரில் வந்தன. எல்லாம் பர்மியப் பெயர்கள். பர்மாவில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அண்ணனுடைய கிளப் பெயர் அதில் இல்லை. ஆனால் நாட்டு அணிக்குப் போனால் பெயரை மாற்றிக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு. கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்றாள் அம்மா.

ஆட்டம் நடக்கிற அன்று காலை அவள் பர்மாச் சாப்பாடான அத்தோ பிசைந்தாள். பீச் ஸ்டேஷன் பக்கம் கடை போட்டிருந்த பர்மாத் தமிழர் ஒருவரிடம் போய் நூடுல்ஸ் வாங்கி வந்திருந்தாள். வறுத்த வெங்காயம், பூண்டு, புளித் தண்ணீர், வறுத்த கடலை மாவு எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து டிபன் கேரியரில் அமுக்கினாள். "கொஞ்சமா வை, ஊசிப் போயிடும்" என்றார் அப்பா. அம்மா இன்னும் ஒரு பிடி அள்ளி வைத்தாள். பல்லாவரத்தில் ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கும்வரை கேரியரை மடியை விட்டு இறக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது கேலரியில் ஒரு கோடி. கோல் கம்பத்துக்குப் பின்னால், காங்கிரீட் படியில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் இந்திய கோல்கீப்பர் நின்றார். பர்மா கோல்கீப்பர் மைதானத்தின் அந்தக் கோடியில். இருந்த தூரத்துக்கு முகம் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புச் சட்டை, ஒல்லி உடம்பு, அவ்வளவுதான்.

விசில் ஊதுவதற்கு முன்னால் அந்தக் கோல்கீப்பர் இரண்டு உள்ளங்கையிலும் துப்பித் தேய்த்தான். பிறகு ஒரு எம்பு எம்பி மேல்கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குனிந்து நின்றான்.

அம்மா என் தொடையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. "பாத்தியா?" என்றாள். நான் பார்த்தேன். அண்ணன் அப்படித்தான் செய்வான். ரங்கூனில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அதே துப்பல், அதே எம்பல். பார்க்க நன்றாக இல்லை, விட்டுவிடு என்று அம்மா அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் இந்திய அணி பந்தை எடுத்துக்கொண்டு போய் வேகமாக ஒரு அடி அடித்தது. கறுப்புச் சட்டை பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டது. மைதானம் முழுக்க "ச்சே" என்றது. அப்பா மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "கௌன்டே! கௌன்டே!" என்று பர்மாப் பாஷையில் கத்தினார். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று அர்த்தம். ரங்கூனில் அண்ணன் ஆடும்போது ஒரு நாள்கூட அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

பக்கத்தில் லுங்கி கட்டிய ஒரு ஆள் திரும்பினார். "இன்னா பெரிசு? இந்த ஊரு சோத்தத் துன்னுகினு அந்த ஊருக்குக் கைதட்டிகினு கீற?"

இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருத்தன், "பர்மாக்காரன்பா. கப்பல்ல ஏத்தி வுடு திரும்பி" என்றான். அப்பா அந்த லுங்கிக்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "கோல்ல நிக்கிறது என் பையன்யா."

லுங்கிக்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மா மடியிலிருந்த கேரியரைப் பார்த்தார். "இன்னாது, உன் புள்ளையா?"

அப்பா சுருக்கமாகச் சொன்னார். அவ்வளவுதான், அந்த வரிசையே மாறிப்போனது. சேதி மேல்படிக்கும் கீழ்படிக்கும் ஓடியது. "அந்தம்மா புள்ள அங்க ஆடுதாம்பா, பாத்து ரொம்ப வருசமாச்சாம்." அம்மா முன்வரிசைக்கு வர வழி விட்டார்கள். யாரோ வேர்க்கடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். முன்பு கப்பலில் ஏற்றச் சொன்னவனே தன் துண்டை மடித்துப் படியில் போட்டு, "குந்துமா, சூடு கீது" என்றான். மெட்ராசுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு பேர் எங்களிடம் அவ்வளவு அன்பாக நடந்துகொண்டது அன்றுதான். அந்த நேரத்தில் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

கால்பந்தில் பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள். இடைவேளை முடிந்து இரண்டு அணியும் இடம் மாறி வந்தபோது, பர்மா கோல்கீப்பர் எங்கள் கோல் கம்பத்தை நோக்கி ஓடிவந்தான். வர வர முகம் தெரிந்தது.

அண்ணன் இல்லை. அண்ணனைவிடச் சின்னப் பையன். தட்டையான மூக்கும் சிவந்த கன்னமுமாகச் சுத்த பர்மாக்காரன். எங்களுக்கு நேர் முன்னால் வந்து கையில் துப்பித் தேய்த்து, எம்பி, கம்பியைத் தட்டினான்.

மாற்று ஆட்டக்காரர்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒவ்வொரு முகமாகத் தேடினார். அங்கேயும் அவன் இல்லை.

லுங்கிக்காரர் குனிந்து அம்மாவிடம் கேட்டார்: "இன்னாம்மா, அதானே உன் புள்ள? சோக்கா கீறான்."

அம்மா, "ஆமாம்பா" என்றாள்.

பர்மாவில் இருந்து பழகியவர்களுக்குத்தான் அது புரியும். எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படும் என்றால் அங்கே யாரும் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். வழி கேட்டால் தெரியாதவனும் ஒரு வழி காட்டுவான். அதைப் பொய் என்று அங்கே எவரும் நினைப்பதில்லை, அது மரியாதை. துண்டு விரித்துக் கடலை கொடுத்த மனிதர்களை ஏமாற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு அந்தப் பையன் பந்தைப் பிடித்தபோதெல்லாம் எங்கள் வரிசை மொத்தமும் இந்தியாவை மறந்து, அம்மாவுக்காகக் கைதட்டியது. அம்மா ஒவ்வொரு தடவையும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பர்மா ஜெயித்தது. எத்தனைக்கு எத்தனை என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வெளியே ஆட்டக்காரர்களின் பஸ் நின்றிருந்தது. அம்மா கூட்டத்தில் இடித்துக்கொண்டு போனாள். கோல்கீப்பர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது பர்மாப் பாஷையில் கூப்பிட்டாள். அவன் திடுக்கிட்டு நின்றான். அம்மா அண்ணனுடைய கிளப் பெயரைச் சொல்லி, இந்தக் கிளப், இந்த இடம், கோல்கீப்பர், உனக்குத் தெரியுமா, நான் அவன் தாய் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

அவன் ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தான். அப்புறம் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "தெரியும் அம்மா. நன்றாக இருக்கிறார்" என்றான்.

அம்மா கேரியரை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, பாதி உடம்பை வளைத்து வணங்கினான். பின்னாலிருந்து யாரோ அதட்ட, பஸ் படியில் ஏறினான்.

நாங்கள் ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அப்பா நின்றார். "குடைய அங்கயே விட்டுட்டேன்" என்றார். நாங்கள் குடை கொண்டுபோகவே இல்லை. "நீ இங்கயே நில்லு, நாங்க போய்ப் பாத்துட்டு வரோம்" என்று அம்மாவை ஒரு கடை ஓரமாக நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினார்.

என்னை ஏன் கூட்டிப் போனார் என்றால், அப்பாவுக்குத் தெரிந்தது மரக்கிடங்குப் பாஷை. வேலை வாங்கவும் அதட்டவும்தான் அது உதவும். பள்ளிக்கூடத்தில் பர்மாப் பாஷை படித்தவள் நான். மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்விக்கு நான்தான் வேண்டும்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. பையன் ஜன்னலோரம் இருந்தான். எங்களைப் பார்த்ததும் அவனே இறங்கி வந்தான். அவன் கையில் கேரியர் திறக்காமல் இருந்ததை நான் பார்த்தேன்.

"உண்மையைச் சொல்லச் சொல்லு. ஆம்பள கேக்கறேன், பரவால்லன்னு சொல்லு" என்றார் அப்பா.

நான் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். அந்தக் கிளப்பில் அண்ணனுக்கு அடுத்த கோல்கீப்பராக இருந்தவன் அவன். கையில் துப்பிக் கம்பியைத் தட்டுவது அண்ணனிடம் கற்றுக்கொண்டது. போன மழைக்கு முந்திய மழையில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் படுத்திருந்தார். பிறகு எழவில்லை. கிளப்பில் எல்லாரும் சேர்ந்து தூக்கிப் போனோம் என்றான்.

அந்தச் செய்தி முதலில் என் காதில்தான் விழுந்தது. அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொன்னேன்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். "சிலுவை வெச்சாங்களான்னு கேளு."

"வைத்தோம்" என்றான் அவன்.

அது எந்த வகைப் பதில் என்று எங்களுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அப்பா அந்தப் பையனின் தலையில் கையை வைத்து எடுத்தார். திரும்பி நடந்தபோது, "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார்.

அம்மா கடை ஓரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். குடையைப் பற்றிக் கேட்கவில்லை. ரயிலில் அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார். "கொஞ்சம் தடிச்சிட்டானாம். அடுத்த வருசம் டீம்ல எடுத்தாலும் எடுப்பாங்களாம்." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சரி" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா மேல், அந்தப் பையன் மேல், ஒருத்தர் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து கட்டிய அந்தப் பாழாய்ப்போன மரியாதை மேல். அழக்கூட முடியாமல் மாம்பலம், சைதாப்பேட்டை என்று ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. கூரை ஒழுகினால் அப்பா பேசாமல் பாத்திரத்தை எடுத்து வைப்பார். மீன் குழம்பு வைத்த அன்று அம்மா, "அவனுக்குப் பிடிக்கும்" என்றால், "ம்" என்பார். வேலைக்குப் போவார், வருவார். நான் இரவில் போர்வைக்குள் அழுதுவிட்டுக் காலையில் முகத்தைக் கழுவிக்கொள்வேன். அம்மா மட்டும் எப்போதும் போல இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தங்கள் குடும்பத்துக் கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் செய்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த ஊரில் இறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். எங்களுக்குப் பல்லாவரத்தில் ஒரு கல்லறையும் இல்லை. வேறெங்கோ புதைக்கப்பட்டவர்களுக்காகத் தோட்டத்தின் நடுவில் உள்ள பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவது வழக்கம். வருஷா வருஷம் அம்மா தன் அப்பா அம்மாவுக்கும் அப்பாவின் அப்பா அம்மாவுக்கும் அங்கே ஏற்றுவாள்.

அந்த வருஷமும் ஏற்றினாள். மழை வரும் போலிருந்தது. எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, முந்தானையிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்தாள். மற்றவற்றைவிட உயரமானது. அதைப் பற்றவைத்து, மெழுகைச் சொட்டவிட்டு, சிலுவைக்கு நேராக நிறுத்தினாள்.

"இது யாருக்கு?" என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுடர் அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டிருந்தாள். "மேட்ச் பாத்துட்டு வந்த நாள்லேருந்து நீங்க அவன ஒரு வார்த்த திட்டல. செத்தவங்கள யாரு திட்டுவா?" என்றாள்.

அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். எங்களைச் சுற்றி எல்லாரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுடர் நின்று எரிய ஆரம்பித்ததும் அம்மா, "ஒரு தடவ திட்டுங்களேன். எங்கேயோ இருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

"கழுதை" என்று ஆரம்பித்தார் அப்பா. அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.